ஹாஸ்டல் மதில்மேல் ஓர் ஆடிட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதம், மழை ஒரு நாள் லீவு எடுத்திருந்த சனிக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகிற சாலையில், மலை ஏறத் தொடங்கிச் சற்றுத் தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் இது நடந்தது. கல்லூரியின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் என் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட குடும்பம். கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். பழகியவர்கள் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் சிரிப்புச் சத்தம் அதிகமோ, அங்கே நான் இருப்பேன். ஆனால் லிஃப்டில் ஏறினால் நான் ஏன் இரட்டிப்பு வேகத்தில் ஜோக் சொல்கிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கயிறு அறுந்துவிடும் என்ற பயம். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

ஒரே மகள். பிளஸ் டூ முடித்ததும் தாவரவியல்தான் படிப்பேன், அதுவும் அந்தக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று நின்றாள். மலையும் காடும் பக்கத்தில் இருக்கிறதாம். எனக்கும் தாவரவியல்மேல் விரோதமில்லை. ஆனால் அங்கிருந்து சாயங்காலம் திரும்பி வர பஸ் குறைவு. அப்படியென்றால் ஹாஸ்டல்.

அந்த ஒரு சொல் என் தூக்கத்தைக் கொண்டுபோனது. ராகிங், கழன்று விழும் ஃபேன், குளியலறையில் பாம்பு, சாம்பாரில் பல்லி, தெரியாதவன் ஜன்னலில் எட்டிப் பார்ப்பது என்று படுத்தவுடன் வரிசையாக வந்தன. ஒரு பயத்தை விரட்டினால் அது போய் இரண்டு சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு வரும். அப்போதுதான் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஓப்பன் ஹவுஸ் நடத்துகிறார்கள், புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளும் வீட்டாரும் வந்து எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று.

"நான் நேர்ல வந்து பாப்பேன் மக்களே. எனக்குத் திருப்தின்னாத்தான் ஹாஸ்டல்" என்றேன் மகளிடம். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே மகளும் 'மக்களே'தான்.

"நூத்துக்கு எத்தனை வாங்கணும்?"

"தொண்ணூறு."

"நீங்க பிளஸ் டூவுல எத்தனை வாங்கினீங்கப்பா?"

"அது வேற காலம்."

உண்மையில் நான் அப்போதே ஃபெயில் போட்டிருந்தேன். காரணம் மட்டும்தான் கிடைக்க வேண்டியிருந்தது. தேடினால் குறை கிடைக்காத இடம் உலகத்தில் இல்லை. அதை நம்பித்தானே எங்கள் தொழிலே நடக்கிறது?

அந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காகிதத்தில் நூறு மூட்டை அரிசி என்று எழுதியிருந்தால் நம்பமாட்டோம். குடோனுக்கே போய், மூட்டைமேல் ஏறி, பின்வரிசையில் நிஜமாகவே மூட்டை இருக்கிறதா, அட்டைப்பெட்டியை அடுக்கி ஏமாற்றியிருக்கிறார்களா என்று தொட்டுப் பார்ப்போம். பிசிகல் வெரிஃபிகேஷன். பிறகு வந்த கஷ்டமெல்லாம் இந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

மனைவிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி ஏற்பாடு செய்திருந்த பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, அவிடெ போய் யாரையும் குறுக்கு விசாரணை செய்யண்டா, கேட்டோ? ஜோக்கும் வேண்டாம். ஒண்ணையும் தட்டிப் பாக்க வேண்டாம். சும்மா நடந்து வாங்க."

வாசலில் செண்டை மேளம். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள். பிரின்சிபல் நாலு வார்த்தை நன்றாகத்தான் பேசினார். பிறகு, பிள்ளைகள் தனியாகச் சீனியர்களோடு சுற்றிப் பார்க்கட்டும், பெற்றோர் ஆசிரியர்களோடு வாருங்கள் என்று பிரித்துவிட்டார்கள். சட்டையில் மஞ்சள் ரிப்பன் குத்தியிருந்த ஒரு மூன்றாம் வருடப் பெண் கையைத் தூக்கினாள். என் மகள் அவள் பின்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனாரிடம் உடனே இரண்டு ஜோக் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

பிறகு என் பரீட்சை ஆரம்பித்தது. லேபில் தீயணைக்கும் சிலிண்டரைத் திருப்பித் தேதி பார்த்தேன், சரியாக இருந்தது. குழாய்களைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. கேன்டீனில் சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அங்கே நின்றவர் பயந்துபோய், "சாரே, விசப்புண்டெங்கில் இருந்து சாப்பிடலாமே" என்றார், பசித்தால் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று. சாப்பிட்டேன். அதுவும் நன்றாக இருந்தது. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. போகிற போக்கைப் பார்த்தால் இந்தக் கல்லூரி பாஸாகிவிடும் போலிருந்தது.

கடைசி நம்பிக்கை பெண்கள் ஹாஸ்டல். அங்கே ஆண்களை உள்ளே விடுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான், அதுவும் மதியம் வரைக்கும்தான். வாசலில் மேட்ரன் நின்றார். உயரமான அம்மாள். மழை இல்லாத அன்றும் கையில் மடக்கிய குடை. "அச்சன்மார் பந்திரண்டு மணிக்கு வெளியில் போணும்" என்று வந்த தகப்பன்மார் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். நான் அறைக்குள் போய் ஜன்னல் கம்பிகளைப் பிடித்து உலுக்கினேன். கம்பி அசையவில்லை, என் தோள்தான் வலித்தது. ஃபேனை அண்ணாந்து பார்த்தேன். உறுதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தோற்றுப்போன மனதோடு சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்துக்கு வந்தேன். அங்கேதான் பின்மதில். வெட்டுக்கல் மதில். மேலே வரிசையாகக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தார்கள். ஒரு பலாமரத்தின் கீழே மட்டும், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு, சில்லே இல்லை. மொட்டை மதில்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில்தான். ஆனால் முழுக்கப் பயமென்று சொன்னால் பொய். கிடைத்துவிட்டது என்ற ஒரு துள்ளலும் இருந்தது. மகளிடம் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது. எந்தத் திருடனும் இது வழியாக உள்ளே வரலாமே!

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் மேட்ரனிடம் போய்ச் சொல்லியிருப்பான். ஆடிட்காரன் அப்படிச் செய்யமாட்டான். வெளியிலிருந்து ஏற முடியுமா என்று பார்த்து உறுதி செய்யாமல் எப்படி வாய் திறப்பது? மரத்தடியில் வெட்டுக்கற்கள் குவித்துக் கிடந்தன. செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். கல்மேல் கால் வைத்து, கிளையைப் பிடித்து, எப்படியோ மதிலின்மேல் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று உட்கார்ந்தும்விட்டேன். இந்த வயதில் நான் அதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

வெளிப்பக்கம் பார்த்தேன்.

அங்கே தரை இல்லை. அந்த இடத்தில் மட்டும் மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். எங்கோ பாதாளத்தில் வாழைத்தோட்டம் தெரிந்தது. வாழைமரங்களை உச்சியிலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அதற்கும் அப்பால் ஒரு சாலை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ். அந்தப் பக்கமிருந்து இந்த மதிலுக்கு வரவேண்டுமென்றால் பறவையாகத்தான் பிறக்க வேண்டும். அதனால்தான் சில்லு பதிக்கவில்லை. மதில் பாஸ்.

எனக்குத் தலை சுற்றியது. உயரம் என்றால் எனக்கு நாற்காலியே ஜாஸ்தி. உட்கார்ந்திருந்தவன் அப்படியே குப்புறச் சாய்ந்து பல்லி மாதிரி மதிலைக் கட்டிக்கொண்டேன். இறங்கலாம் என்று உள்பக்கக் காலால் கற்குவியலைத் தேடினேன். கால் பட்டதும் மேலிருந்த கற்கள் சடசடவென்று உருண்டு ஓடின. அதன் பிறகு கீழே காலுக்கு எட்ட எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹாஸ்டலில் மணி அடித்தது. அச்சன்மார்கள் பேசிக்கொண்டே வெளியே போகும் சத்தம் கேட்டது. கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தமும் கேட்டது.

பெண்கள் ஹாஸ்டலின் பின்மதிலில், ஆண்கள் இருக்கக்கூடாத நேரத்தில், மடித்துக் கட்டிய வேட்டியோடு நான். மடிப்பை அவிழ்த்துவிடலாம் என்றால் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் வாழைத்தோட்டம். போதாததற்குப் பலாமரத்திலிருந்து முசுறு எறும்புகள் வரிசை கட்டி வந்து என் முழங்காலைத் தாண்டி மேலே போக ஆரம்பித்தன. கூப்பிடலாமா? கூப்பிட்டால் யார் வருவார்கள்? வந்து என்ன நினைப்பார்கள்? கூப்பிடாவிட்டால் எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன்? ஏற்கெனவே விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. ஒரு ஜோக்கும் வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி நடந்ததே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

சமையல்காரச் சேச்சி ஒரு வாளித் தண்ணீரோடு பின்வாசலுக்கு வந்தாள். ஊற்றினாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அய்யோ! மதிலில் ஆளு!"

அவள் வாளி தரையில் உருண்டு நிற்பதற்குள் ஹாஸ்டல் மொத்தமும் வந்துவிட்டது. ஒருத்தி கையில் துடைப்பம், ஒருத்தி கையில் தேங்காய்த் துருவி. தலை குளித்துத் துண்டு கட்டியிருந்த ஒருத்தி பலாக்காய் பறிக்கிற நீளத் தோட்டிக் கம்பைத் தூக்கி என் விலாவுக்கு நேராக நீட்டினாள். மற்றவர்கள் கையில் எல்லாம் போன். போன்கள் என் பக்கம் நிமிர்ந்தன.

"ஆராடோ நீ? இறங்கெடோ!"

நாள் முழுக்க 'சார், சார்' என்று கேட்டுப் பழகிய காதில் அந்த 'டோ', நம் ஊர் 'டா' மாதிரி, போய் அறைந்தது. மேட்ரன் குடையோடு வந்து நின்றார். "எவிடெயாணு வீடு?" என்றார், வீடு எங்கே என்று.

எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸில் நாள் முழுக்க அதுதான். ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறந்ததும் அசல் நாகர்கோவில்தான் வந்தது. "நான் ஒண்ணும் செய்யல்ல, கேட்டியளா. சும்மா மதிலைப் பாக்க ஏறினேன்."

"தமிழனாணு" என்றாள் துருவிக்காரி. "பணிக்கு வந்நதாவும். சும்மா மதில் நோக்கான் வந்நதாம்!"

வேலைக்கு வந்த தமிழன், சும்மா மதில் பார்க்க வந்தானாம். அந்தத் தொனியை நான் இந்த ஊரில் பலமுறை கேட்டிருக்கிறேன். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வருகிற நம் ஆட்களைப் பார்த்து, ஏதாவது காணாமல் போன அன்று பேசுகிற தொனி. அது என்னைப் பார்த்து வந்தது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்கும் என்பதை அந்த மதிலில்தான் தெரிந்துகொண்டேன்.

"எந்தினு கேறி?" என்றார் மேட்ரன். எதற்கு ஏறினாய்?

"என் மகளுக்காக. அவ இங்க சேரப் போறா."

"மோள்டெ பேரெந்தா?"

மகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பித்திருப்பேன். ஆனால் கண்ணுக்கு எதிரே அத்தனை போன்கள். முழங்காலுக்கு மேலே வேட்டியும் எறும்புமாக ஒருவன் மதிலைக் கட்டிக்கொண்டு கிடக்கிற படம், அதன் கீழே என் மகளின் பெயர். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அந்தப் படம் அவளுக்கு முன்னால் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேரில்லாத்த மோளோ?" மேட்ரன் திரும்பினார். "செக்யூரிட்டியெ விளி. போலீஸினெயும் விளி."

போலீஸ் என்றதும் மதிலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலையில் என் மகளின் குழுவை அழைத்துப்போன அதே மஞ்சள் ரிப்பன் பெண் முன்னால் வந்தாள். பிள்ளைகளை அடுத்த இடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிட வந்திருக்கிறாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் சொன்னாள்.

"ஃபோணெல்லாம் தாழ்த்து. ஆத்யம் சோதிக்காம். பின்னே போரே வீடியோ?"

முதலில் கேட்போம், வீடியோ பிறகு போதாதா என்றாள். ஒன்றிரண்டு முணுமுணுப்பு. ஆனால் போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தோட்டிக் கம்பு மட்டும் இறங்கவில்லை. அதை அவள் இறக்கச் சொல்லவும் இல்லை.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுக்க வழியில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, பையிலிருந்து நழுவி, கீழே புல்லில் விழுந்து, அங்கேயும் அடித்துக்கொண்டிருந்தது. ரிப்பன் பெண் எடுத்துப் பார்த்தாள்.

"மேலிடம் ரெண்டு?" என்று வாசித்தாள். வீட்டில் என் மனைவி மேலிடம். மகள் மேலிடம் இரண்டு. அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். திரையில் மகளின் படமும் இருந்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மோளே, நின்டெ அச்சன் இவிடெ ஹாஸ்டலில்... பின்னிலுள்ள மதில்..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. போனிலிருந்து என் மகளின் குரல் அலறியது.

"அய்யோ! கேறியோ?"

ஏறிவிட்டாரா என்று. யார், எங்கே, என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. மதில் என்ற ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மொத்த ஹாஸ்டலும் சிரித்தது. துடைப்பக்காரி துடைப்பத்தில் சாய்ந்து சிரித்தாள். மேட்ரனின் குடை கீழே இறங்கியது. நான் எந்த அடையாள அட்டையைக் காட்டியிருந்தாலும் அவர்கள் இப்படி நம்பியிருக்க மாட்டார்கள்.

போனில் மகளின் குரல் மாறியது. "சேச்சி, சிரிக்கண்டா ப்ளீஸ். அப்பாக்கு உயரம் பேடியாணு. விழுந்துடுவார். தாழே நோக்கண்டா எந்நு பறயணே. ஞான் ஓடி வராம்."

அப்பாவுக்கு உயரம் பயம், கீழே பார்க்க வேண்டாமென்று சொல்லுங்கள், நான் ஓடி வருகிறேன். சிரிப்பு சட்டென்று நின்றது. தோட்டிக் கம்பு இறங்கியது. இரண்டு பேர் மெஸ்ஸுக்குள் ஓடி நீள பெஞ்சு ஒன்றைத் தூக்கி வந்து மதிலோரம் போட்டார்கள். என் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சில் ஏறி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்னைப் பாருங்க. அந்தக் காலை மட்டும் இந்தப் பக்கம் எடுங்க."

"கால் வரமாட்டேங்கு மக்களே."

"வரும். நான் பிடிச்சிருக்கேன்."

"மேலெல்லாம் எறும்பு..."

"எறும்பை அப்புறம் பாக்கலாம்ப்பா. காலை எடுங்க."

நான் காலை எடுக்கும்போது வேட்டி போகிற போக்கைப் பார்த்த மேட்ரன், "எல்லாரும் அங்ஙோட்டு திரிஞ்ஞு நில்க்கு!" என்று ஓர் அதட்டல் போட்டார். அத்தனை பெண்களும் ராணுவம் மாதிரி முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பக்கத்திலிருந்த கண்ணாடிச் சில்லில் வேட்டி மாட்டி டர்ரென்று கிழிந்தது. நான் பாதி இறங்கி, பாதி விழுந்து, மகளின் தோளில் வந்து சேர்ந்தேன்.

முதலில் என் கை காலைத் தடவிப் பார்த்தாள். அடி இல்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சின்னக் குரலில் சொன்னாள்.

"நான் இங்க சேரல்லப்பா. வாங்க, போலாம்."

எதற்காகக் காலையிலிருந்து அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. அவளே சொல்லிவிட்டாள். ஹாஸ்டல் கிடையாது, மகள் வீட்டிலேயே இருப்பாள், நான் தூங்கலாம். ஆனால் மதிலின்மேல் கிடந்தபோது வந்த பயமெல்லாம் அந்த வார்த்தைக்குக் கால்தூசு. ராகிங், பாம்பு, பல்லி, ஜன்னலில் எட்டிப் பார்ப்பவன் என்று இவளுக்குத் தீங்கு செய்யக்கூடிய எல்லாரையும் யோசித்து வைத்திருந்தேன். அந்த வரிசையில் என்னை நான் சேர்க்கவே இல்லை.

உடனே கிளம்பவும் முடியவில்லை. தம்பானூருக்குப் பஸ், நிறைவுக் கூட்டம் முடிந்த பிறகுதான். கடைசிக்கு முந்திய வரிசையில் ஓரமாக உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஹாஸ்டல் பெண்கள் வந்து நிரம்பினார்கள். 'மதிலச்சன்' என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. இன்னொரு குரல் அடக்கிச் சிரித்தது. மகளின் கழுத்து இன்னும் கொஞ்சம் குனிந்தது. அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டுவதையும் விரிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிரின்சிபல் மைக்கில், வந்திருப்பவர்கள் இன்று பார்த்ததைப் பற்றி நல்லதோ கெட்டதோ மனம் திறந்து சொல்லுங்கள் என்றார். ஒரு தாயார் லைப்ரரியைப் பாராட்டினார். ஒருவர் கார் நிறுத்த இடமில்லை என்று குறைப்பட்டார். அப்போது பின்னாலிருந்து யாரோ ஒருத்தி கத்தினாள்.

"ஆ அச்சன் பறயட்டே!"

அந்த அச்சன் பேசட்டும் என்று. கைதட்டல். மைக் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்துவிட்டது. நான் மகளைப் பார்த்தேன். வேண்டாம் என்றால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடுவேன். அவள் நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வேட்டியைத் தாத்திவிட்டுப் பேசுங்க."

மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டேன். கிழிசல் வழியாக முழங்கால் சபையைப் பார்த்தது. எழுந்தேன்.

சிரிக்க வைத்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். நம்மை நாமே முதலில் கேலி செய்துவிட்டால் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்காது. அது என் பழைய வித்தை. ஆனால் அந்த வித்தை அன்று வரவில்லை. மலையாளத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னதன் சாரம் இதுதான்: "நான் ஆடிட் பார்க்கிறவன். இந்தக் கல்லூரியை ஃபெயில் ஆக்கத்தான் வந்தேன். குறை கிடைக்கவில்லை. கடைசியில் ஹாஸ்டல் பின்மதிலில் ஏறினேன், மாட்டிக்கொண்டேன். ஒண்ணும் சோதிக்கக்கூடாது என்று என் மகள் பஸ்ஸிலேயே சொன்னாள். கேட்காதது நான். அவளைக் கேலி செய்யாதீர்கள், என்னைச் செய்யுங்கள். அந்த மதிலில் நான் ஒரு திருடனுக்கு நிகராகக் கிடந்தேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்குள் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என்னை அடித்திருக்கலாம், படம் எடுத்திருக்கலாம். முதலில் கேட்டார்கள். என் மகள் இவர்களோடு இருந்தால் எனக்கு..."

அதற்குமேல் வரவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. தமாஷ் பேர்வழியின் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான அமைதி கிடையாது. மைக்கை யாரிடம் கொடுப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

கதவோரம் நின்ற மேட்ரன்தான் காப்பாற்றினார். "அடுத்த கொல்லம் அச்சன்மாரெ பதினொண்ணு மணிக்கே இறக்கிவிடும்!" என்றார், குடையை ஆட்டிக்கொண்டு. அடுத்த வருடம் தகப்பன்மார்களைப் பதினொரு மணிக்கே வெளியேற்றிவிடுவாராம். அப்போதுதான் மண்டபம் சிரித்தது. மகள் சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். மழை திரும்ப வந்துவிட்டது. கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுமங்காடு போனது, பேரூர்க்கடை போனது. எறும்பு கடித்த இடங்களை நான் சொறியக்கூட இல்லை. ஏதாவது அசைந்தால் அவள் 'சேரல்ல' என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுவாளோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பானூரில் இறங்கி, குடைக்குள் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றோம்.

"அப்பா, கிழக்கேகோட்டையில மெத்தைக் கடை இப்ப தொறந்திருக்குமா?"

"எதுக்கு மக்களே?"

"ஹாஸ்டல்ல கட்டில் மட்டும்தானாம். மெத்தையும் தலையணையும் நாமதான் கொண்டு போணும். அந்த மஞ்சள் ரிப்பன் சேச்சி சொன்னா."

நான் குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்துப் பிடித்தேன்.

"ஆனா ஒரு கண்டிஷன். என்னைக் கொண்டு விட வரும்போ நீங்க பேண்ட் போட்டுட்டு வரணும்."

இப்போது அவள் அங்கேதான் படிக்கிறாள். பயம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். சாயங்காலம் மகளின் போன் வரச் சற்றுத் தாமதமானால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது, வாய் ஜோக் சொல்ல ஆரம்பிக்கிறது. ஆனால் என் பயத்தைத் தீர்த்துக்கொள்ள அவள் வாழ்கிற இடத்தில் போய் ஏறி நிற்கக்கூடாது, அதை இங்கே வீட்டு வராந்தாவில் நடந்து நடந்து நானே ஆற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அன்று கீழே இறங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளும் பழகிக்கொண்டிருக்கிறேன்.